ஆறு வாரம் முதுகு காட்டியவன்

நான் பிள்ளைப்பாக்கத்துக்கு மருமகளாக வந்தபோது சீர்வரிசையோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதில் பிரஷ்களும் நிப்புகளும் எட்டுப் புட்டி கறுப்பு மையும் இருந்தன. மாமியார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இத்தினி மை எதுக்கு, உனுக்கு இன்னா பத்து கண்ணா?" என்று கேட்டார். வாரப் பத்திரிகைகளில் கதைகளுக்குப் படம் போடுகிறவள் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். படம் என்றால் சாமி படம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாளாக ஆக, இந்த வீட்டில் சாமியைத் தவிர மற்ற எல்லாரையும் வரைகிறேன் என்பது அவருக்குப் புரிந்தது.

படம் போடுகிறவளுக்கு முகங்கள் வேண்டும். மெட்ராஸில் இருக்கிற ஓவியர்கள் ஒரு பஸ்ஸில் ஏறினால் போதும், நூறு முகம் கிடைத்துவிடும். ஊரில் நான் யாரையாவது உற்றுப் பார்த்தால், மருமகள் முறைக்கிறாள் என்று மாமியாரிடம் புகார் போனது. ஆகவே எனக்கு வாய்த்தவை மூன்றே முகங்கள்: வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தன்.

வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். கதையில் பிணம் வந்தால் அவரை விட்டால் ஆள் கிடையாது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரைப் படுக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை. கை எங்கே கிடக்க வேண்டுமோ அங்கே நகர்த்தி வைத்துவிட்டு வரைந்துகொள்வேன். மாமியார் என் கணக்கில் மூன்று கொடுமைக்கார மாமியார், ஒரு மாரியம்மன். மாரியம்மனாக வந்த ஆடிச் சிறப்பிதழைத் தெரு முழுக்கக் காட்டினார். மற்ற மூன்றும் பக்கத்து வீட்டம்மாளைப் பார்த்து வரைந்தவை என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் கூடத்தில் கரண்டி துப்பாக்கியாகும், பெட்ஷீட் சால்வையாகும், மரப்பெட்டி குதிரையாகும். வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள் சாமி ஆடுகிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கொழுந்தன் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகிற பஸ்ஸில் தினமும் போய் வருவான். கெட்ட பழக்கம் என்று எதுவும் கிடையாது, மீசையைத் தவிர. கண்ணாடியைக் கண்டால் நின்றுவிடுவான். அவனை வரைந்தால் முதலில் படத்தில் மீசையைத்தான் பார்ப்பான். "அண்ணி, இந்தப் பக்கம் கொஞ்சம் கம்மியா கீது" என்பான். அவன் மீசைக்கே என்னிடம் மாதம் அரைப் புட்டி மை செலவானது.

அந்த மார்கழியில் ஒரு தொடர்கதைக்குப் படம் போட எனக்கு வாய்ப்பு வந்தது. வாராவாரம் வியாழக்கிழமை, வரைந்த படங்களை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் பஸ் பிடித்து பாரிமுனைக்குப் போவேன். பத்திரிகை அலுவலகத்தில் அதைக் கொடுத்துவிட்டு அடுத்த அத்தியாயத்தை வாங்கி வருவேன். கதையின் முடிவு என்ன என்று யாரும் எனக்குச் சொல்வதில்லை. எழுதுகிறவருக்கே தெரியாதபோது எனக்கு எப்படிச் சொல்வார்கள்? அவர் வாராவாரம் எழுதினார், நான் வாராவாரம் வரைந்தேன்.

முதல் அத்தியாயத்தில் கதாநாயகனுக்கு ஒரு நண்பன் வந்தான். தங்கமான பையன். கதாநாயகியின் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது மாட்டு வண்டியை மடக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். இப்படிப்பட்டவனுக்கு நம் வீட்டுப் பிள்ளையின் முகத்தையே கொடுப்போம் என்று கொழுந்தனை அப்படியே வரைந்து வைத்தேன், மீசை உட்பட. தொடர்கதையில் ஒருவனுக்கு முதல் வாரம் கொடுக்கிற முகம்தான் கடைசி வாரம் வரைக்கும் முகம். நடுவில் மாற்றினால் வாசகர்கள் இவன் வேறு ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பாலபாடம். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

கொழுந்தன் அந்த இதழில் நாலு பிரதி வாங்கினான். பஸ்ஸில் கண்டக்டருக்குக் காட்டினான், கேன்டீனில் காட்டினான், சூப்பர்வைசருக்குக்கூடக் காட்டினான். கதையில் இருப்பது நான்தான் என்று ஒரகடம் கூட்ரோடு டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்தான்.

தை பிறந்ததும் அவனுக்குப் பென்னலூரில் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா விவசாயம் செய்கிறவர். அவர் வீட்டு அலமாரியைப் பார்த்ததும் எனக்கு என் பிறந்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருந்தது. பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, அடுக்கி, சணல் கயிற்றால் தைத்துப் புத்தகம் புத்தகமாக வைத்திருந்தார். எங்கள் கதையும் அதில் வளர்ந்துகொண்டிருந்தது. மனிதர் கொழுந்தனை ஏற இறங்கப் பார்த்தார். கதையில் வருகிற தம்பி மாதிரியே இருக்கிறாரே என்றார். கொழுந்தன் காலரைச் சரி செய்துகொண்டு, அது நான்தாங்க, எங்க அண்ணிதான் வரையறாங்க என்றான்.

அதற்கப்புறம் சம்பளம் என்ன, வேலை நிரந்தரமா என்று அவர் கேட்டதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்கு. நெஞ்சுவலிக்காரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தவனுக்குப் பெண் கொடுக்க அவர் பாதி மனசாக ஆகிவிட்டிருந்தார். காபி கொண்டுவந்த பெண் மீசையைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது. திரும்பி வரும் வழியில் அதைப் பற்றியே கொழுந்தன் ஏழெட்டுத் தடவை பேசினான். நாள் பார்த்து, பங்குனி முதல் முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று தகவல் வந்தது. வாக்கு மட்டும்தான். தட்டு மாற்றவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பாரிமுனையில் பஸ்ஸில் உட்கார்ந்து புது அத்தியாயத்தைப் பிரித்தேன். அந்தத் தங்கமான பையன், ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாளின் தலையணைக்கு அடியிலிருந்து நகைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போதாக்குறைக்கு அவனுக்குச் சேலத்தில் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தாள். பூந்தமல்லி வருவதற்குள் மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் நகையை எடுத்தான். பஸ் பென்னலூரில் நின்றபோது, தெரிந்தவர் யாராவது ஏறிவிடப் போகிறார்களே என்று படம் கட்டி வந்த அட்டையால் என் முகத்தை மூடிக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். நான் பிடித்த குரங்குக்கு என் கொழுந்தன் மீசை இருந்தது.

மறுநாள் தபாலாபீசிலிருந்து பத்திரிகை ஆசிரியருக்கு போன் போட்டேன். அந்தப் பையனைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். கெட்டவன் ஆனதே இந்த வாரம்தான், அதற்குள் எப்படித் திருந்துவான் என்றார். மீசையையாவது எடுத்துவிடட்டுமா என்றேன். மீசையை எடுத்துவிட்டால் யாருக்கம்மா அடையாளம் தெரியும் என்றார்.

வீட்டில் அன்று மாநாடு கூடியது. மாமியார் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது, சுருக்கமாகச் சொன்னால் அந்தப் பத்து கண்ணும் அவிந்துபோக வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். அவனை முதுகுப் பக்கமாகப் போடேன், முதுகில் யாருக்கு அடையாளம் தெரியப் போகிறது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்.

முதல் வாரம் முதுகு. இரண்டாம் வாரம் குடை. மூன்றாம் வாரம் கதையில் இல்லாத ஒரு பவர் கட்டை நானே கொண்டுவந்து அவனை இருட்டில் நிறுத்தினேன். நான்காம் வாரம் மாமியார் சொன்ன யோசனைப்படி மப்ளரும் குரங்குக் குல்லாவும். ஐந்தாம் வாரம் பேப்பர் படித்தான், விரித்துப் பிடித்து. ஆறாம் வாரம் மறுபடியும் முதுகு. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு இதில் ஒரு குஷி பிறந்துவிட்டது. சாப்பிடும்போது அடுத்த வாரம் எதைக் கொண்டு மறைக்கலாம் என்பதுதான் பேச்சு. வாழை மரம் வைக்கலாமா, மாடு குறுக்கே போகலாமா என்று வீட்டுக்காரர் மோர்ச்சாதத்தில் கை காய்கிறவரை யோசிப்பார். ஆசிரியர் மட்டும், உங்கள் வில்லனுக்கு முதுகு ரொம்ப அழகாக இருக்கிறது, முன்பக்கம் என்று ஒன்று இருந்தால் அதையும் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று ஒரு கார்டு எழுதினார்.

கொழுந்தன் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டான். பஸ்ஸில் கண்டக்டர், "இன்னாபா, நகைய எங்க வித்த?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அதுவும் அவனே திறந்து வைத்த வாய். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகும் முன்னால் கிணற்றடியில் உட்கார்ந்து என் பிரஷ்களை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தான். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காதவன். பக்கத்தில் போய் நின்றேன். தலை நிமிராமல், "அண்ணி, அந்தப் பொண்ணு எனுக்கு ஓணும்" என்றான். என் மேல் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளையாட்டு விட்டுப் போனது. என் கையால் போட்ட மீசை ஒரு பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுக்கப் போகிறது.

ஏழாவது வாரம் ஆசிரியர் தீர்த்துச் சொல்லிவிட்டார். நடுப்பக்கத்தில் பெரிய படம். சேலத்துப் பெண்டாட்டி பிளாட்பாரத்தில் நின்று அழுகிறாள், அவன் நகர்கிற ரயிலின் வாசலில் நின்று அவளைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கிறான். சிரிப்பு முகத்தில்தான் வரும், முதுகில் வராது என்று எழுதியே கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பென்னலூர்க்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். தனியாக வந்திருந்தார். பங்குனிக்குப் பத்து நாள்தான் இருந்தது. கையில் சணல் கயிறு தைத்த எங்கள் கதை. மாமியார் பாயை விரித்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டார். வீட்டுக்காரர் சட்டையைத் தேடினார். கொழுந்தன் கொல்லைப்புறம் போனவன், போன இடத்திலேயே இருந்துவிட்டான்.

அவர் பாயில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டி, முதுகு, குடை, இருட்டு, குல்லா, பேப்பர், முதுகு என்று ஆறையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கதைன்னா நாலு பேரு நல்லவன், நாலு பேரு கெட்டவன். அதுக்கு நான் பயப்படுலமா. முப்பது வருசமா படிக்கிறேன், எனுக்குத் தெரியாதா? ஆனா ஆறு வாரமா இவன் மூஞ்சிய மூடிகினே வர்றான். வரையறது இந்த வூட்டு மருமக. அப்ப அவங்களுக்கு இன்னாமோ தெரியும், அதான் மறைக்கறாங்கன்னு தோணுமா தோணாதா?"

மறைமலைநகருக்கே போய் தொழிற்சாலை வாசல் டீக்கடையில் இரண்டு நாள் விசாரித்தாராம். சேலத்தில் யாராவது சொந்தக்காரர் இருக்கிறார்களா என்றுகூடக் கேட்டிருக்கிறார். மீசையைத் தவிர வேறு ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. இருந்தும் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. முகத்தோடு வரைந்திருந்தால் அவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சந்தேகத்தை உண்டாக்கி, ஆறு வாரம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது நான்.

"தப்பு எங்க மேலதாங்க. எங்க தம்பிக்கு உங்க பொண்ண ரொம்பப் புடிச்சிருக்கு. படத்தப் பாத்துட்டு வேணாம்னுடுவீங்களோன்னு பயந்துட்டோம்."

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு பக்கத்தில் கிடந்த வெள்ளைத் தாளைப் பார்த்து, அது எந்த வாரத்துக்கு என்று கேட்டார். சொன்னேன். ரயிலையும் ஏளனச் சிரிப்பையும் பற்றிச் சொன்னேன்.

"அப்ப வரைமா. நான் இருக்கசொல்லவே வரை. மூஞ்சியோட."

கொழுந்தனைக் கொல்லையிலிருந்து இழுத்து வந்தோம். வாசல் நிலைதான் ரயில் பெட்டியின் கதவு. ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே, கையில் மாமியாரின் டிரங்குப் பெட்டி. சேலத்துப் பெண்டாட்டியாக வீட்டுக்காரர் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு தெருவில் நின்று அழுதார். அவர் அழுகை நன்றாக இருந்தது, இரண்டு பேர் நின்று என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். கொழுந்தன்தான் சரியாக வரவில்லை. ஏளனமாகச் சிரிடா தம்பி என்றேன். பல்வலி வந்தவன் மாதிரி இளித்தான். இன்னும் கொஞ்சம் திமிராக என்றேன். ரேஷன் கடையில் சர்க்கரை இன்னொரு கிலோ கேட்கிறவன் மாதிரி ஆனான். மாமனாராக வரப்போகிறவர், அல்லது வராமல் போகப்போகிறவர், முன்னால் உட்கார்ந்திருக்கும்போது திமிருக்கு எங்கே போவான் பாவம். மூன்றாவது தடவை முயற்சி செய்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

பென்னலூர்க்காரருக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷத் தொடர்கதை அனுபவம் அவரை உட்காரவிடவில்லை. எழுந்து வந்து, "இப்டி இல்லபா. கட்ன பொண்டாட்டிய உட்டுட்டுப் போறவன் இப்டிப் பாப்பான்" என்று சொல்லி, தாடையைத் தூக்கி, ஒரு புருவத்தை மேலேற்றி, உதட்டின் ஒரு ஓரத்தை மட்டும் சுழித்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் நிஜமாகவே இரண்டடி பின்னால் போனார். மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டார். நான் மூச்சுவிடாமல் நாலு கோட்டில் அந்தப் பார்வையைப் பிடித்தேன். மனிதர் அசையாமல் நின்று கொடுத்தார். அவ்வளவு நல்ல மாடல் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, அதற்குப் பிறகும் கிடைத்ததில்லை.

முகம் கொழுந்தனுடையது, மீசையும் அவனுடையதுதான்; பார்வையும் சிரிப்பும் பென்னலூருடையவை. மை போட்டு முடித்ததும் அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். அயோக்கியப் பய என்று திருப்தியோடு சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். அங்கே கொழுந்தன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, வேர்த்து விறுவிறுத்து, இன்னும் அந்தச் சிரிப்பு வராதா என்று உதட்டை இப்படியும் அப்படியும் கோணிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். படத்தைப் பார்த்த நேரத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

அப்புறம் கதவோரம் நின்ற மாமியாரிடம் திரும்பினார்.

"சம்மந்தியம்மா, சோறு ஆயிடுச்சா? எனுக்கும் ஒரு எல போடுங்க."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியாகாத வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், மிஞ்சிப்போனால் காபி. இலை போடச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம், அதற்கு மேல் தட்டு மாற்றுவதெல்லாம் ஊருக்காக. மாமியார் அடுப்படிக்குப் போனார். குழம்புச் சட்டியின் மூடி கீழே விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் முக்காட்டை எடுக்காமலே இலை அறுக்கக் கொல்லைக்கு ஓடினார்.

கொழுந்தனுக்கு மட்டும் விஷயம் இன்னும் எட்டவில்லை. ரயில் வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணி, நான் எறங்கலாமா?" என்று கேட்டான்.

படத்தில் மை இன்னும் காயவில்லை. அதை எட்டத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன்.